பனிச் சாலையில் விரைவுக் கார்
டயரின் அளவைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஜெர்மனியில் அக்டோபர் மாதம் பிறந்ததும் மோட்டார்ப் பட்டறைகளின் வாசலில் கார்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். அவை பழுது பார்ப்பதற்காக வந்தவை அல்ல. கோடையில் ஓடிய நான்கு டயர்களைக் கழற்றி வைத்துவிட்டு, குளிர்காலத்திற்கென்றே செய்யப்பட்ட நான்கு டயர்களை மாட்டிக்கொள்வதற்காக வந்தவை. அக்டோபர், ஈஸ்டர் ஆகிய இரண்டையும் குறிக்கும் ஜெர்மானியச் சொற்கள் 'ஓ' என்னும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. எனவே, குளிர்கால டயர் 'ஓ முதல் ஓ வரை' இருக்கவேண்டும் என்ற வழக்கு அந்நாட்டு மக்களிடையே வேரூன்றியிருக்கிறது.

சாதாரணக் குடும்பக் கார் வைத்திருப்பவருக்கு இம்மாற்றம் எளிய காரியம். காருடன் வந்த அளவிலேயே குளிர்கால டயர்களை அவர் வாங்கிவிடலாம். விரைவுக் கார் வைத்திருப்பவரின் நிலை வேறு. அவருடைய காரில் அகன்ற டயர்களும், பெரிய ரிம்களும், விரல் நீளத்தைச் சற்றே மிஞ்சிய பக்கச்சுவரும் அமைந்திருக்கும். காரின் தோற்றப் பொலிவுக்கும், வளைவுகளில் அது காட்டும் உறுதிக்கும் இவையே காரணம். பனிக்காலத்திலும் அதே அளவை வைத்துக்கொள்வதா, அல்லது குறுகிய டயரையும் சிறிய ரிம்மையும் நாடுவதா என்ற கேள்வி அவருக்கு எழுகிறது. இக்கேள்விக்கு அழகுணர்ச்சி விடை கூறலாகாது. பௌதிகமும் எளிய கணிதமும் கூறவேண்டும்.

அலட்சியமாக விட்டுவிடக்கூடிய விஷயமன்று இது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒன்றை நிறுத்த எவ்வளவு தூரம் வேண்டும்? வேகத்தின் வர்க்கத்தை, உராய்வு எண்ணையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வந்த தொகையின் இருமடங்கால் வகுத்தால் விடை கிடைக்கும். உலர்ந்த தார்ச் சாலையில் உராய்வு எண் சுமார் 0.8. அங்கே 12 மீட்டரில் கார் நின்றுவிடும். வண்டிகள் மிதித்து இறுகிய வெண்பனியில் உராய்வு எண் 0.2 என்று கொண்டால் 49 மீட்டர் தேவைப்படும். வழுக்கும் பனிக்கட்டியில் அது 0.1 ஆகக் குறைந்தால் 98 மீட்டர் வேண்டும். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்குள் கடக்கும் தூரம் இக்கணக்கில் சேரவில்லை. கோடையில் பள்ளி வாசலுக்கு முன்பாகவே நின்றுவிடக்கூடிய கார், குளிர்காலத்தில் அந்த வாசலைத் தாண்டிச் சென்ற பிறகே நிற்கும் என்பது இதன் பொருள். எஞ்சினின் பலம் இங்கே எவ்வகையிலும் உதவாது. நான்கு டயர்களும் தரையும் சந்திக்கும் இடமே யாவற்றையும் தீர்மானிக்கிறது.

அஞ்சலட்டை அளவுள்ள ஆதாரம்

டயர் தரையைத் தொடும் இடம் எவ்வளவு பெரியது? 1,400 கிலோகிராம் எடையுள்ள காரில் சக்கரம் ஒன்றுக்குச் சராசரியாக 350 கிலோகிராம் பளு விழுகிறது. டயரினுள் காற்றழுத்தம் 2.3 பார் என்று கொள்வோம். பளுவை அழுத்தத்தால் வகுத்தால் ஏறக்குறைய 150 சதுர சென்டிமீட்டர் வருகிறது. இது ஓர் அஞ்சலட்டையைவிடச் சற்றே பெரிய பரப்பு. உயர்ந்த விலையுள்ள விரைவுக் காராயினும், அதில் உள்ளவர்களின் உயிர் இத்தகைய நான்கு அஞ்சலட்டைகளின்மீதுதான் செல்கிறது.

அகன்ற டயரைப் பூட்டினால் இப்பரப்பு பெருமளவு கூடிவிடும் என்று பலர் நினைக்கின்றனர். பளுவும் காற்றழுத்தமும் மாறாதிருக்குமானால் பரப்பில் பெரிய மாறுதல் ஏற்படுவதில்லை; அதன் வடிவமே மாறுகிறது. தரையைத் தொடும் அகலம் 19 சென்டிமீட்டராக இருந்தால் நீளம் சுமார் 8 சென்டிமீட்டராக இருக்கும். அகலம் 16 சென்டிமீட்டராகக் குறைந்தால் நீளம் 9 சென்டிமீட்டருக்கு மேல் செல்லும். அகன்ற டயரின் தடம் குறுக்கே நீண்டும், குறுகிய டயரின் தடம் பயணத் திசையில் நீண்டும் அமைகின்றன. இவ்வடிவ வேறுபாடு உலர்ந்த சாலையில் ஒருவிதமாகவும் பனியில் வேறுவிதமாகவும் பயன் தருகிறது.

குளிரில் ரப்பருக்கு நேர்வது

அளவை ஆராய்வதற்கு முன் டயரின் பொருளைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளுதல் அவசியம். ரப்பர் குளிர்ந்துகொண்டே போனால் தன் நெகிழ்ச்சியைப் படிப்படியாக இழந்து, ஒரு குறிப்பிட்ட உஷ்ணநிலையில் கண்ணாடியைப் போல் விறைத்துவிடும். இயற்கை ரப்பர் அந்நிலையை அடைவது பூஜ்யத்திற்குக் கீழே சுமார் 70 டிகிரியில் ஆகும். கோடை டயரின் கலவையோ ஈரச் சாலையை நன்கு பற்றும்படி வேறு வகையாகத் தயாரிக்கப்படுகிறது. ஆதலால் அது மிக முன்னதாகவே இறுகத் தொடங்குகிறது. 7 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே கோடை டயரின் பிடிப்பு குறையத் தொடங்கும் என்பது ஐரோப்பாவில் பொதுவாகக் கொள்ளப்படும் எல்லை. அந்த எண்ணில் திடீர் மாற்றம் எதுவும் நேர்வதில்லை. எச்சரிக்கைக்கான அடையாளமாகவே அதைக் கருதவேண்டும்.

குளிர்கால டயரின் கலவை கடுங்குளிரிலும் மிருதுவாக இருக்கும். பட்டறைகளில் 'பட்டன்' என்று வழங்கும் அதன் மேற்பட்டையில் ஆழமான பள்ளங்களும், கத்தியால் கீறியது போன்ற நூற்றுக்கணக்கான மெல்லிய கீற்றுகளும் உள்ளன. பள்ளங்களில் வெண்பனி புகுந்து இறுகுகிறது. வெண்பனி வெண்பனியோடு நன்றாக ஒட்டும் இயல்புடையது. இரு கைகளிலும் அள்ளி அழுத்தினால் அது உருண்டையாகத் திரள்வதே இதற்குச் சான்று. எனவே, பள்ளத்தில் நிறைந்த பனி கீழே கிடக்கும் பனியைப் பற்றிக்கொள்கிறது. கீற்றுகளின் விளிம்புகள் தரையைப் பிறாண்டிப் பிடிக்கின்றன.

இத்தகைய டயரின் முன்னோடிகளைப் பின்லாந்தில் காணலாம். அந்நாட்டு ரப்பர் தொழிற்சாலை ஒன்று 1934-இல் லாரிகளுக்கும், 1936-இல் கார்களுக்கும் குளிர்கால டயர்களைச் செய்து வெளியிட்டது. இன்று தகுதியுள்ள டயரின் பக்கச்சுவரில் மூன்று சிகரங்களையுடைய மலையும் அதனுள் ஒரு பனிச்செதிலும் பொறிக்கப்பட்டிருக்கும். 'எம்+எஸ்' என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் போதாது. அவ்வெழுத்துகளை மட்டுமே கொண்ட பழைய டயர்களைக் குளிர்கால டயர்களாக ஏற்கும் சலுகை ஜெர்மனியில் 2024 செப்டம்பரோடு முடிவடைந்தது.

பக்கச்சுவரில் எழுதியிருப்பது

விரைவுக் காருக்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. ஆகும். 1976-இல் விற்பனைக்கு வந்த முதல் ஜி.டி.ஐ. காரில் 13 அங்குல ரிம்மும் 175 மில்லிமீட்டர் அகலமுள்ள டயரும் இருந்தன. 2013-இல் வெளிவந்த ஏழாம் தலைமுறைக் காரிலோ 17 அங்குல ரிம்மும் 225 மில்லிமீட்டர் டயரும் இடம்பெற்றன; விரும்பியோருக்கு 18 அங்குல ரிம்மும் கிடைத்தது. அகன்ற டயர் விரைவுக் காரின் பிறவிக் குணம் அன்று என்பதை இவ்வொப்பீடு காட்டுகிறது.

இக்காரின் டயரில் 225/45 ஆர் 17 என்று எழுதியிருக்கும். முதல் எண் டயரின் அகலத்தை மில்லிமீட்டரில் குறிக்கிறது. இரண்டாவது எண், பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவிகிதம் என்பதைக் காட்டுகிறது. 'ஆர்' என்ற எழுத்து, உள்ளிருக்கும் நூலிழைகள் ஆரத்தின் திசையில் அமைந்திருப்பதைத் தெரிவிக்கிறது. கடைசி எண் ரிம்மின் விட்டம். இது மட்டும் அங்குலத்தில் உள்ளது. ஒரே வரியில் மூன்று வகை அளவுகள் கலந்திருப்பதே பலரைக் குழப்பத்தில் ஆழ்த்துகிறது.

225-இல் 45 சதவிகிதம் 101.25 மில்லிமீட்டர். ரிம்மின் மேலும் கீழுமாக இரு பக்கச்சுவர்கள் இருப்பதால் இதை இரட்டித்து, 17 அங்குலத்திற்குரிய 431.8 மில்லிமீட்டரைக் கூட்டினால் 634.3 மில்லிமீட்டர் வரும். இதுவே டயரின் வெளிவிட்டம். இதே குடும்பத்தைச் சேர்ந்த கார்களில் வழங்கும் நான்கு அளவுகளைக் கணக்கிட்டால் பின்வருமாறு அமைகின்றன:

225/40 ஆர் 18 — பக்கச்சுவர் 90 மி.மீ.; வெளிவிட்டம் 637.2 மி.மீ.
225/45 ஆர் 17 — பக்கச்சுவர் 101 மி.மீ.; வெளிவிட்டம் 634.3 மி.மீ.
205/55 ஆர் 16 — பக்கச்சுவர் 113 மி.மீ.; வெளிவிட்டம் 631.9 மி.மீ.
195/65 ஆர் 15 — பக்கச்சுவர் 127 மி.மீ.; வெளிவிட்டம் 634.5 மி.மீ.

ரிம் சிறுத்துக்கொண்டே வரும்போது பக்கச்சுவர் உயர்ந்துகொண்டே வருகிறது. வெளிவிட்டமோ ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. நான்கிற்கும் இடையே உள்ள மிகப் பெரிய வேறுபாடு 5.3 மில்லிமீட்டர், ஒரு சதவிகிதத்திற்கும் குறைவு. அளவு மாற்றத்தின் முதல் விதி இதுதான்: ரிம் மாறலாம், அகலம் மாறலாம், வெளிவிட்டம் மாறலாகாது.

இவ்விதியை அறியாதவர் செய்யும் பிழை எளிதில் விளங்கும். 18 அங்குல ரிம்முக்குப் பதிலாக 16 அங்குல ரிம்மை வாங்கும் ஒருவர், மற்ற இரு எண்களையும் அப்படியே வைத்துக்கொண்டு 225/40 ஆர் 16 என்று கேட்பதாகக் கொள்வோம். அதன் வெளிவிட்டம் 586.4 மில்லிமீட்டர், அதாவது 8 சதவிகிதம் குறைவு. காரின் அடிப்பாகம் 25 மில்லிமீட்டர் தாழ்ந்துவிடும். பனி குவிந்த சாலையில் உயரம் மிகவும் தேவைப்படும் நேரத்தில் இந்த இழப்பு நேரிடுகிறது. ஸ்பீடோமீட்டரும் உண்மை வேகத்தை மிகைப்படுத்திக் காட்டும். மாறாக வெளிவிட்டம் கூடினாலோ, அக்கருவி உண்மையைவிடக் குறைந்த வேகத்தைக் காட்டக்கூடும். எந்நிலையிலும் அது குறைத்துக் காட்டலாகாது என்பது சர்வதேச விதியாகும்.

குறுகலின் பயனும் அதன் எல்லையும்

புதிதாக விழுந்த வெண்பனியின் பெரும்பகுதி காற்றேயாகும். அதில் செல்லும் டயர் ஏர்முனையைப் போல் பனியை அமுக்கியும் ஒதுக்கியும் தனக்கு வழி செய்துகொள்ள வேண்டும். டயர் எவ்வளவு அகன்றதோ அவ்வளவு பனியை அது தள்ளியாக வேண்டும். 225-க்குப் பதில் 195 மில்லிமீட்டர் டயர் என்றால் இந்த வேலையில் ஏறத்தாழ 13 சதவிகிதம் மிச்சமாகிறது. மேலும், நீண்டு குறுகிய தடம் முன்பகுதியால் பனியை அமுக்கி இறுக்கிவிடுகிறது. பின்பகுதி அந்த இறுகிய பாதையைப் பற்றிக்கொள்கிறது. கரைந்து கூழாகிய பனியிலும் குறுகிய டயரே அதை எளிதாகப் பிளந்துகொண்டு தரையை எட்டுகிறது. அகன்ற டயர் அதன்மேல் மிதக்கத் தொடங்கும். அந்நிலையில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது.

விரைவில் நாட்டமுள்ளவர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்கினால் ராலிப் பந்தயங்களை நோக்கலாம். 1950 முதல் நடந்துவரும் சுவீடன் ராலியில், பனி மூடிய பாதைகளில் கார்கள் மெல்லிய, ஆணி பதித்த டயர்களுடன் ஓடுகின்றன. அதே ஓட்டுநர்கள் உலர்ந்த தார்ச் சாலைப் பந்தயங்களில் அகன்ற டயர்களைப் பூட்டிக்கொள்கின்றனர். உலகின் மிக விரைவான ஓட்டுநர்கள் பனியில் குறுகலை விரும்புவது சிக்கனத்தைக் கருதி அன்று.

உயர்ந்த பக்கச்சுவரால் மற்றொரு நன்மையும் உண்டு. பனி மூடிய சாலையில் பள்ளங்களும் ஓரக்கற்களும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும். 90 மில்லிமீட்டர் பக்கச்சுவர் நசுங்கி ரிம்மை வளையவிடும் மோதலை, 113 மில்லிமீட்டர் பக்கச்சுவர் தாங்கிக்கொள்ளக்கூடும்.

ஆயினும் குறுகல் எல்லா நேரங்களிலும் மேன்மை உடையது என்று முடிவு கட்டுதல் தவறு. குளிர்ந்து உலர்ந்த நெடுஞ்சாலையில் உயர்ந்த பக்கச்சுவர் வளைவுகளில் நெளியும். ஸ்டியரிங் சற்று மந்தமாகும். விரைவாகச் செல்லும்போது அகன்ற டயரே உறுதியாக நிற்கும். கடினமான பனிக்கட்டியிலோ அகலக் குறைவு மட்டும் பெரிய லாபம் தராது. அங்கே ரப்பரின் மென்மையும், கீற்றுகளும், ஆணிகளுமே முக்கியம். ஆணி டயர்கள் பின்லாந்தில் அனுமதிக்கப்பட்டுள்ளன. ஜெர்மனியில் பொதுவாக அவற்றுக்குத் தடை உள்ளது. ஆகவே கார் ஓடும் வட்டாரத்தின் தன்மையைக் கருதாமல் அளவைத் தீர்மானிக்க இயலாது. ஆண்டில் சில நாட்களே பனி தங்கும் சமவெளி நகரவாசிக்கு 225/45 ஆர் 17 போதுமானது. ஆல்ப்ஸ் அடிவாரத்திலோ கருங்காட்டு மலைப் பகுதியிலோ வாழ்பவருக்கு 205/55 ஆர் 16 மேலானது.

பிரேக் விதிக்கும் எல்லை

அப்படியானால் மலைவாசி இன்னும் சிறிய 195/65 ஆர் 15 அளவை ஏன் நாடலாகாது? விரைவுக் காரின் பிரேக் அதற்கு இடம் கொடுப்பதில்லை. மேற்கூறிய ஜி.டி.ஐ. காரின் முன்சக்கரப் பிரேக் டிஸ்க்கின் விட்டம் 312 மில்லிமீட்டர். அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் டிஸ்க்கின் விளிம்பைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். 16 அங்குல ரிம்மின் உட்புறத்தில் இவை அடங்கும். 15 அங்குல ரிம்மில் அடங்கா. அதே காரின் ஆற்றல் மிகுந்த வகையில் 340 மில்லிமீட்டர் டிஸ்க் பொருத்தப்பட்டது. அவ்வகைக்கு 16 அங்குல ரிம்மும் பொருந்தாது. 17 அங்குலமே மிகச் சிறிய அளவாகும். ஒரே பெயருடைய இரு கார்களுக்கும் ஒரே ரிம் பொருந்தும் என்று எண்ணி வாங்கியவர், பட்டறையில் சக்கரம் சுழலாமல் நிற்பதைக் கண்டு வருந்த நேரிடும்.

ரிம்மில் விட்டத்தைத் தவிர வேறு சில அளவுகளும் உள்ளன. இக்காருக்கு 112 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து போல்ட்டுகள் அமைந்துள்ளன, நடுத்துளை 57.1 மில்லிமீட்டர். ரிம்மின் மையக்கோட்டிலிருந்து அது அச்சோடு பொருந்தும் முகம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை 'இ.டி.' என்னும் எண் காட்டும். இது தவறினால் டயர் உள்ளே சஸ்பென்ஷனையோ வெளியே மட்கார்டையோ உரசும். காரின் சான்றிதழில் அனுமதிக்கப்பட்ட அளவுகள் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றிலிருந்து தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பானது.

பளு, வேகம், காற்று

அளவுக்குப் பின்னால் 91 எச் என்பது போன்ற ஒரு குறியும் இருக்கும். 91 என்ற எண், ஒரு டயர் 615 கிலோகிராம் பளு தாங்கும் என்பதைக் குறிக்கும் குறியீடு. சிறிய ரிம்முக்கு மாறும்போது இந்த எண் காருக்கு விதிக்கப்பட்டதைவிடக் குறையலாகாது. எழுத்து, வேக வரம்பைக் காட்டுவது: டி என்றால் மணிக்கு 190, எச் என்றால் 210, வி என்றால் 240 கிலோமீட்டர். காரின் உச்ச வேகத்தைவிடக் குறைந்த வரம்புள்ள குளிர்கால டயரை ஜெர்மானியச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அவ்வரம்பை எழுதிய சீட்டு ஓட்டுநரின் கண்ணில் படும்படி ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

நான்கு சக்கரங்களிலும் ஒரே வகை டயர் இருத்தல் வேண்டும். ஜி.டி.ஐ. காரில் முன்சக்கரங்களே இழுக்கின்றன என்பதால் அவற்றுக்கு மட்டும் குளிர்கால டயர் போதும் என்று சிலர் எண்ணுவர். அவ்வாறு செய்தால் முன்பகுதி பனியைப் பற்றும். பிடிப்பில்லாத பின்பகுதி வளைவில் வெளியே வீசப்பட்டு, கார் பம்பரம் போல் சுழன்றுவிடும்.

மேற்பட்டையின் ஆழமும் கவனத்திற்குரியது. ஜெர்மானியச் சட்டத்தின் குறைந்தபட்ச அளவு 1.6 மில்லிமீட்டர். அண்டை நாடான ஆஸ்திரியாவோ 4 மில்லிமீட்டருக்குக் குறைந்ததைக் குளிர்கால டயராகவே கருதுவதில்லை. டயர் தயாரான காலத்தையும் பக்கச்சுவரிலேயே காணலாம்: 3623 என்றிருந்தால் 2023-ஆம் ஆண்டின் 36-ஆவது வாரம் என்பது பொருள்.

குளிர் காற்றழுத்தத்தையும் குறைக்கிறது. 20 டிகிரியில் 2.3 பார் அழுத்தமுள்ள டயர், பூஜ்யத்திற்குக் கீழே 10 டிகிரியில் ஏறக்குறைய 2 பாராக இறங்கிவிடும். எனவே கதகதப்பான பட்டறையில் காற்றடித்துவிட்டு மாதக்கணக்கில் மறந்திருத்தல் ஆகாது.

வகுப்பறைக்கும் களத்திற்கும்

இந்தியாவில் வெண்பனி பெய்யும் சாலைகள் பெரும்பாலும் ஹிமாலயப் பகுதிகளைச் சேர்ந்தவை. அங்கே பனிக்காலத்தில் சக்கரங்களுக்குச் சங்கிலி பூட்டுவது வழக்கம். சங்கிலிக்கும் டயரின் அளவு தெரிய வேண்டும். காரின் உட்புறத்தில் சங்கிலி உரசாதிருக்க இடமும் வேண்டும். குறுகிய டயர் இவ்விடத்தைத் தருவதால், அப்பகுதிகளில் பணிபுரியும் களப்பணியாளர்களுக்கும் மேற்கூறிய கணக்கு பயன்படும்.

பனியையே காணாத ஊர்களிலும் இப்பாடத்திற்கு இடம் உண்டு. 205/55 ஆர் 16 என்ற எழுத்து நம் நாட்டுச் சாலைகளில் ஓடும் பல கார்களிலும் காணப்படுகிறது. சதவிகிதம், அங்குலத்தை மில்லிமீட்டராக மாற்றுதல், வட்டத்தின் சுற்றளவு ஆகிய மூன்றையும் ஆசிரியர் ஒரு டயரைக் கொண்டே கற்பிக்கலாம். மாணவர்கள் கணக்கிட்ட விட்டத்தை அளவு நாடாவினால் சரிபார்க்கட்டும். நின்றிருக்கும் காரில் அது மேலிருந்து கீழாகச் சற்றுக் குறைவாக இருப்பதைக் காண்பார்கள். பளுவினால் டயர் அடியில் அமுங்கியிருப்பதே அதற்குக் காரணம். அந்த அமுங்கிய இடமே முன்னர் கூறிய அஞ்சலட்டை. ஓடும் காரைத் தாங்குவதும் திருப்புவதும் நிறுத்துவதும் அவ்வளவு சிறிய பரப்புதான் என்பதை ஒரு முறை கண்ணால் கண்ட மாணவன், பிற்காலத்தில் எந்தச் சாலையில் வண்டி ஓட்டினாலும் அதை மறக்கமாட்டான்.